"எப்படியோ சமாளிச்சாங்க": எம்.பி.ஏ. வகுப்பில் நம்ம ஊர்ப் பெண்களின் கதைகளை எப்படிப் பேசுவது?

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம். கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில எம்.பி.ஏ. மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு பாடம் எடுக்கிறேன். பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு விஷயத்துல உங்க எல்லாரோட யோசனையும் வேணும். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

போன மாசம் வகுப்புல ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு நெருக்கடியில முன்ன நின்னு நடத்தின சம்பவத்தை 3 நிமிஷத்துல சொல்லணும், அவ்வளவுதான். 38 பேர் சொன்னாங்க. பெரும்பாலும் அப்பா, மாமா, ஊர்த் தலைவர், கிரிக்கெட் கேப்டன். 6 பேர் மட்டும் அம்மாவையோ பாட்டியையோ சொன்னாங்க. அந்த எண்ணிக்கையை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது வினைச்சொல். அப்பா கதைகள்ல "முடிவு எடுத்தார்", "பேசி முடிச்சார்", "தடுத்து நிறுத்தினார்". அம்மா கதைகள் ஆறுலயும் ஒரே சொல்தான்: "எப்படியோ சமாளிச்சாங்க."

பண்ருட்டிப் பக்கத்துலேருந்து வர்ற ஒரு பொண்ணு. அவங்க அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க. தானே புயல் அடிச்சது 2011 டிசம்பர் 30. பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு, அந்தப் பக்கமே வெட்டவெளியா ஆயிடுச்சுன்னு உங்கள்ல நிறையப் பேருக்கு நினைவிருக்கும். "அப்ப களத்துல வேலையே இல்ல. அம்மா எப்படியோ சமாளிச்சாங்க." நாப்பது செகண்டுல சொல்லி முடிச்சுட்டு உட்காரப் போயிட்டா.

"எப்படியோன்னா எப்படிம்மா?"ன்னு கேட்டேன்.

அதுக்கப்புறம் இருபது நிமிஷம் பேசினா. வெளியூர்க் கொட்டை வர்ற வரைக்கும் களத்துக்காரர்கிட்ட ஒரு வாரத்துக்கு 9 மூட்டைதான் இருந்துச்சாம். மூட்டை 80 கிலோ. உடைக்கிற பொம்பளைங்க 27 பேர். வழக்கப்படி முதல்ல வந்தவங்க எடுத்துக்கலாம். அப்படி விட்டா, கை வேகமா ஓடற பத்துப் பேர் வீட்டுல அடுப்பு எரியும், மத்த வீட்டுல எரியாது. அந்தம்மா விடிகாலை 5 மணிக்கே போய்க் களத்து வாசல்ல நின்னு, "இன்னிக்கு யாரும் மூட்டையத் தொடக்கூடாது, பிரிச்சாத்தான் எடுக்கணும்"னு சொல்லியிருக்காங்க. ஆளுக்கு 26 கிலோ சொச்சம். கைப்பிள்ளைக்காரிகளுக்கு உடைக்கிறதுக்குப் பதிலா வீட்டுல இருந்தபடியே தோல் உரிக்கிற வேலை. கணக்கு முழுக்கக் கிழிச்ச காலண்டர் தாளோட பின்பக்கத்துல. கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்துப்போன கை. உடைக்கும்போது சாம்பலைத் தொட்டுக்குவாங்க. அந்தச் சாம்பல் கைரேகையே அந்தத் தாள்ல பதிஞ்சிருக்காம். இன்னும் வீட்டுல வச்சிருக்காங்க.

பற்றாக்குறையான மூலப்பொருளைப் பங்கிடுறது, வேலையை ஆளுக்கேத்த மாதிரி மாத்துறது, வெளிப்படையான கணக்கு, ஊர் வழக்கத்தை ஒரு காலைப்பொழுதுல மாத்துற அதிகாரம். என் பாடப்புத்தகத்துல நாலு அத்தியாயம் இது. பெத்த பொண்ணு, எம்.பி.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கிறவ, அதை "எப்படியோ"ன்னு ஒரு சொல்லுல கடந்து போறா.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள குறை இல்ல. கேஸ் ஸ்டடி முறையை, அதாவது ஒரு நிறுவனத்துல நடந்த சம்பவத்தை வச்சு அலசிப் பாடம் நடத்துறதை, உலகத்துக்கே கொடுத்த அமெரிக்காவோட ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1908-ல தொடங்கினது. ரெண்டு வருஷ எம்.பி.ஏ.வுல முதல் வருஷத்திலேயே பெண்களைச் சேர்த்தது 1963-லதான். 2014-ல அங்க டீனா இருந்த நிதின் நோரியா, பள்ளி பெண்களை நடத்தின விதத்துக்காகப் பொதுவுல மன்னிப்புக் கேட்டார். அவங்க கேஸ்கள்ல சுமார் 9 சதவீதத்துலதான் பெண் மையப் பாத்திரம், அதை 20 ஆக்குவோம்னும் சொன்னார். நாம பாடம் நடத்துறது அந்தக் கேஸ்களையும் அவற்றோட நகல்களையும் வச்சுத்தான்.

அடுத்த செமஸ்டர்ல கதை சொல்றதையும், அந்தக் கதையைப் பெண்ணியக் கண்ணோட திருப்பிப் பார்க்கிறதையும் பாடத்தோட நடுவுல வைக்கலாம்னு இருக்கேன். யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா? எங்க இடறும்?

---

முத்தியால்பேட்டை | திங்கள், இரவு 10.25

அம்மா, வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கதை கேட்டால் வகுப்பு கண் கலங்கும். வேலைக்குப் போனால் அவர்கள் கையில் இருக்கப்போவது பேலன்ஸ் ஷீட். இரண்டு ஆண்டுப் படிப்பில் நேரம் குறைவு. கணக்கும் சட்டமும் நன்றாகத் தெரிந்த பெண்ணை எந்த நிறுவனமும் ஒதுக்க முடியாது. அதைக் கற்றுக்கொடுப்பதே அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி என்பது என் எண்ணம்.

---

நைட் ஷிப்ட் | செவ்வாய், காலை 6.15

ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல உட்கார்ந்து எழுதுறேன். ஒரு தொழிற்சாலையில எச்.ஆர். வேலை. டீச்சர், நீங்க நல்ல மனசோட கேட்கிறீங்க. அதனாலதான் இதைச் சொல்லணும்னு தோணுது.

முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல பெண் அலுவலர்களுக்கு ரெண்டு நாள் தலைமைப் பயிற்சி நடந்துச்சு. பயிற்சியாளர் வட்டமா உட்கார வச்சு, "உங்க வாழ்க்கையில விழுந்து எழுந்த கதையை மனசு திறந்து சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் திறந்தாங்க. நானும் சொன்னேன். ஆடிட் நேரத்துல கரு கலைஞ்சது, மூணாவது நாளே வேலைக்குத் திரும்பினது, அதை என் மாமியார்கிட்டகூடச் சொல்லாதது. அழுதேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தக் கைத்தட்டல் அப்ப எனக்கு ஆறுதலா இருந்தது உண்மை.

அஞ்சு மாசம் கழிச்சு பதவி உயர்வுக் கூட்டம். "அவங்களுக்கு உடம்பு, குடும்பம்னு நிறைய இருக்கு, பெரிய பொறுப்பு கொடுத்தா தாங்குவாங்களா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அந்தக் கூட்டத்துல இருந்த ஒருத்தரே எங்கிட்ட வருத்தப்பட்டுச் சொன்னார். நான் பலம்னு நினைச்சுச் சொன்ன கதை அந்த மேசையில பலவீனமாப் போய்ச் சேர்ந்துச்சு.

கதை சொல்லச் சொல்றவங்க அந்தக் கதை நாளைக்கு எங்க போகும்னு முதல்லயே யோசிச்சிருக்கணும். எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் சொல்லித்தான் ஆகணும்ங்கிற நிலைமை வகுப்புல வரக்கூடாது. அழுகைக்கு மார்க் விழக்கூடாது. உங்க மாணவிகள் நாளைக்கு ஒருத்தரோட ஒருத்தர் இண்டர்வியூவுக்குப் போட்டி போடப் போறவங்க. பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு என்ன தெரியணும், என்ன தெரியக்கூடாதுன்னு அந்தப் பொண்ணுதான் முடிவு பண்ணணும்.

---

கெடிலக்கரை | செவ்வாய், மாலை 5.50

நைட் ஷிப்ட் அம்மா, காலையில ஸ்டாஃப் ரூம்ல படிச்சேன். அதோட முதல் மணி வகுப்புக்குப் போக எனக்கு நேரமாச்சு. எழுதினதுக்கு நன்றி. நான் 3 நிமிஷம்னு எழுந்து நிக்க வச்சதே தப்புன்னு இப்பப் புரியுது.

இதுக்கு ஒரு வழி இருக்கு. ஜெர்மனியில பிரிகா ஹவுக்ங்கிற பெண்ணியச் சிந்தனையாளரும் அவங்க தோழிகளும் 1980-கள்ல குழுவாச் செஞ்ச நினைவெழுத்து முறை. உங்க நினைவு ஒண்ணை எழுதுவீங்க, ஆனா "நான்"னு எழுதக்கூடாது. "அவள்"னு படர்க்கையிலதான் எழுதணும். விளக்கம் கூடாது, நியாயப்படுத்தக் கூடாது, பார்த்தது, கேட்டது, தொட்டது மட்டும். அப்புறம் குழு உட்கார்ந்து எழுதினவரை விட்டுட்டு எழுத்தை மட்டும் பேசும். எந்த இடத்துல தாவுது, யார் பேசவே இல்ல, எந்தச் சொல் தேய்ஞ்ச சொல். "அவள்"னு எழுதும்போது அது நானா, என் அக்காவா, பக்கத்து வீட்டுப் பொண்ணான்னு சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. நீங்க கேட்ட பாதுகாப்புல பாதியாவது இதுல கிடைக்கும்னு நினைக்கிறேன்.

தமிழ்ல இதுக்கு இன்னொரு பலன் உண்டு. "நான் சமாளிச்சேன்"னு சொல்றது நமக்கு இயல்பு. அதையே "அவள் சமாளித்தாள்"னு எழுதிப் பாருங்க, அடுத்த வரி வராது. பேனா நிக்கும். என்ன செய்தாள்னு கேட்கும்.

முத்தியால்பேட்டை ஐயா, கண் கலங்குறது பத்திச் சொன்னீங்க. கதையை அலசுறது கணக்கு அலசுறதைவிட எளிசு இல்லீங்க. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியை ஜோன் மார்ட்டின் 1990-ல ஒரே ஒரு குட்டிக் கதையை எடுத்துக்கிட்டாங்க. ஒரு பெரிய கம்பெனித் தலைவர், எங்க பெண் ஊழியர்கள் மேல எவ்வளவு அக்கறை பாருங்கன்னு காட்டப் பொதுவுல சொன்னது. புதுப் பொருள் அறிமுக விழா. அதுக்கு ரொம்ப முக்கியமான ஒரு இளம்பெண், விழாவுக்கு முன்னாடியே முடியற மாதிரி சிசேரியனுக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. அவங்க வீட்டுல இருந்தே விழாவைப் பார்க்க நாங்க டி.வி. இணைப்பு கொடுத்தோம். இதுதான் கதை.

மார்ட்டின் சொல் சொல்லாப் பிரிச்சாங்க. அறுவைத் தேதி யாருடைய நாட்காட்டிப்படி? டி.வி. இணைப்பு தாய்க்கா, கம்பெனிக்கா? அந்தப் பொண்ணு ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல? கடைசியா அந்த இடத்துல ஒரு ஆணை வச்சு, பிரசவத்துக்குப் பதிலா இதய பைபாஸ் அறுவைன்னு மாத்தி எழுதிப் பார்த்தாங்க. அதே வாக்கியம் உடனே தடுமாறும். எதை நாம சாதாரணம்னு எடுத்துக்கிட்டோம்னு அப்பத் தெரியும். இந்த வாசிப்புப் பழக்கம் உள்ள மாணவி ஆண்டறிக்கையையும் அப்படித்தான் வாசிப்பா.

---

கூத்துப் பிரியன் | செவ்வாய், இரவு 8.30

டீச்சரம்மா, கேஸ் தேடி ஹார்வர்டுக்குப் போக வேணாம். நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு திரௌபதி அம்மன் கோயில். பாரதம் வச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. திரௌபதி துகிலுரியற கூத்து அன்னிக்கு சனம் பாய விரிச்சு விடியவிடிய உட்கார்ந்திருக்கும்.

அதுல திரௌபதி என்ன கேட்கிறா? "அவர் முதல்ல தன்னைத் தோத்தாரா, என்னைத் தோத்தாரா? தன்னையே தோத்தவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?" அந்தக் கேள்வியில கண்ணீர் எங்க இருக்கு? அதிகாரத்தோட எல்லையைக் கேட்கிறா. கம்பெனிச் சட்டம் படிக்கிற பசங்களுக்கு இதைவிட நல்ல கேஸ் எது? சபையில பீஷ்மர் இருக்கார், துரோணர் இருக்கார், எல்லாரும் பெரியவங்க. "தர்மம் சூட்சுமமானது"ன்னு பதில் வருது. 2013 கம்பெனிச் சட்டம் பங்குச் சந்தையில பதிவான கம்பெனிகளுக்கு ஒரு பெண் இயக்குநராவது வேணும்னு சொல்லுது. சரி. அவங்க கேட்ட கேள்விக்குச் சபை பதில் சொல்லியாகணும்னு யார் சொல்றது?

பாரதியார் நம்ம புதுச்சேரியில இருந்தப்பதான் இந்தக் கட்டத்தை "பாஞ்சாலி சபதம்"னு பாட்டா எழுதினார், முதல் பாகம் வந்தது 1912. எழுத்தாளர் கி.ரா. ஐயாவும் இங்கதான் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தார், 2021-ல இங்கதான் மறைஞ்சார். பட்டம் இல்லாத விவசாயி. நாட்டுக் கதைகளைத் திரட்டிச் சொன்னதுக்காகப் பல்கலைக்கழகம் நாற்காலி போட்ட ஊர் இது. எம்.பி.ஏ. வகுப்புல கதை வந்தா என்ன குறை?

---

மில்காரர் மகன் | புதன், காலை 7.05

தோழர்களே, நான் ஒத்துக்கல. ஏன்னு சொல்றேன்.

எங்கப்பா மில்லு. எங்க தாத்தாவும் மில்லு. 1936 ஜூலை 30, சவானா மில் வாசல்ல துப்பாக்கிச் சூடு, 12 தொழிலாளிங்க செத்தாங்க. அதுக்கப்புறம்தான் புதுச்சேரியில 8 மணி நேர வேலை வந்தது. மில்லுல பெண்களும் இருந்தாங்க, போராட்டத்துலயும் இருந்தாங்க. எதை வச்சு ஜெயிச்சாங்க? சேர்ந்து நின்னு. கதை சொல்லி இல்ல.

முந்திரி உடைக்கிற அம்மாவைத் தலைவர்னு சொல்றீங்க டீச்சர். மரியாதைதான். ஆனா கிலோவுக்கு அவங்க கூலி எவ்வளவு? வெந்த கைக்கு மருந்துச் செலவு யாருது? களத்துக்காரர் கஷ்டத்துல 27 வீட்டைப் பங்கிட்டு அமைதியா வச்சிருந்தது யாருக்கு லாபம்? உழைப்புக்குக் காசு கொடுக்காம, உனக்குத் தலைமைப் பண்பு இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போறது சுலபம். நீங்க அப்படி நினைக்கலன்னு தெரியும். ஆனா உங்க கிட்ட படிச்சிட்டுப் போற பையன் நாளைக்கு மேனேஜரா உட்கார்ந்து அதைத்தான் செய்வான்.

---

முதுநகர்க்காரி | புதன், மதியம் 2.20

எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு, நான் சொல்லச் சொல்ல அதான் டைப் பண்ணுது. நான் மீன் விக்கிறவ. 1998-லேருந்து மகளிர் சுய உதவிக் குழுவுல இருக்கேன். இப்ப கூட்டமைப்புல பொறுப்பு.

அந்தத் தம்பி சொல்றது நெசம். ஆனா கதை வேணாம்னு சொல்லாத தம்பி. எங்க குழுவுல தீர்மான நோட்டு உண்டு. கூட்டம் போட்டா எழுதணும். ஆரம்பத்துல எழுதுறதுக்கு ஆள் கிடைக்காது, பள்ளிக்கூடத்துப் பையனைக் கூட்டிகினு வந்து எழுத வைப்போம். அவன் என்ன எழுதுவான்? "கடன் வழங்குவது என்று தீர்மானிக்கப்பட்டது." யாரு தீர்மானிச்சா? எவ எதுக்குச் சண்டை போட்டா? ஒண்ணும் இருக்காது.

சுனாமி வந்துச்சு, 2004-ல. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு எல்லாம் போச்சு. நிவாரணம் வந்தப்ப படகு இருக்கிறவங்க பேரு, வலை இருக்கிறவங்க பேரு எழுதினாங்க. எங்களுக்கு என்ன இருந்துச்சு? கூடை, தராசு, அலுமினியத் தேக்சா, ஐஸ் பொட்டி. அதெல்லாம் தொழில் சாமானான்னு கேட்டாங்க. படகு கரைக்கு வந்தப்புறம் ஏலத்துல நின்னு, எடுத்து, ஐஸ் போட்டு, பஸ்ஸுல ஏறவுடாதவன்கிட்ட பேசி ஏறி, கடன் சொல்லி வித்து, வட்டி கட்டி, அதுதான் தொழில். நாங்க பதினாறு பேரும் உட்கார்ந்து, அவங்கவங்க எழந்த சாமானை ஒண்ணுவுடாம வெலையோட எழுத வச்சோம். அந்த ஒரு நாள் மட்டும் நோட்டுல "தீர்மானிக்கப்பட்டது" இல்ல. "கூடை இல்லேன்னா மீனு இல்ல, எழுதிக்கோ"ன்னு நான் சொன்னது அப்படியே இருக்கு. அந்தத் தாளைத்தான் ஆபீஸுக்கு எடுத்துகினு போனோம். எல்லாருக்கும் வரல. ஒம்போது பேருக்கு வந்துச்சு.

கதைன்னு நீங்க சொல்றது எங்களுக்குக் கணக்கு.

---

முத்தியால்பேட்டை | புதன், இரவு 9.15

அந்த அம்மா எழுதியதை மூன்று முறை படித்தேன். மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 1992-ல் 500 சுய உதவிக் குழுக்களோடு வங்கி இணைப்பைச் சோதனையாகத் தொடங்கியது. பின்னர் எங்கள் கிளைக்கும் குழுக் கணக்குகள் வந்தன. குழுக்களின் நோட்டுகளை எத்தனையோ முறை நானே சரிபார்த்திருக்கிறேன். "தீர்மானிக்கப்பட்டது" என்று இருக்கிறதா, கையெழுத்துகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன்.

இன்னொன்று. மேலாளராக இருந்தபோது ஆண்டுதோறும் ஊழியர்களுக்கு மதிப்பீடு எழுதுவேன். என் கிளையில் ஒரு பெண் அலுவலர் இருந்தார். பணம் எண்ணும் இயந்திரம் பழுதானால், வாடிக்கையாளர் கத்தினால், இரண்டு எழுத்தர்களுக்குள் பேச்சு நின்றுபோனால், எல்லாவற்றையும் அவர்தான் தீர்ப்பார். நான் எழுதியது: "ஒத்துழைப்பு மிக்கவர், இனிமையானவர்." அதே ஆண்டு இன்னொருவருக்கு எழுதியது: "துணிந்து முடிவெடுப்பவர்." யாருக்குப் பதவி உயர்வு வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் நல்லது எழுதியதாகத்தான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். அந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இன்றைக்குத்தான்.

திங்களன்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் வகுப்பு நடத்துங்கள் அம்மா.

---

நைட் ஷிப்ட் | புதன், இரவு 11.40

ஐயா, நீங்க எழுதினது சாதாரண விஷயம் இல்ல. நன்றி. ஜாய்ஸ் பிளெட்சர்னு ஒரு ஆய்வாளர், பெண் பொறியாளர்கள் கூடவே இருந்து அவங்க வேலையைப் பார்த்து 1999-ல எழுதினாங்க. பிரச்சினை வெடிக்கிறதுக்கு முன்னாடியே அணைக்கிறது, அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது, ரெண்டு பேரைப் பேச வைக்கிறது. செய்யற வேளையில இதெல்லாம் வேலை. பேர் வைக்கும்போது மட்டும் "நல்ல சுபாவம்". வெடிக்காத பிரச்சினைக்கு ரிப்போர்ட் கிடையாது இல்லையா? அப்படித்தான் அது மறைஞ்சு போகுது.

எங்க அப்ரைசல் படிவத்துல அந்தச் சொற்களை ஒரு தடவை எண்ணிப் பார்க்கணும்னு இப்ப எனக்குத் தோணுது.

---

பாகூர்ப் பையன் | வியாழன், காலை 10.10

அக்கா, நான் எம்.பி.ஏ. கடைசி வருஷம், வேற காலேஜ். ஒரு சந்தேகம். இந்த மாதிரி வகுப்புல பசங்க என்ன எழுதணும்? எதைச் சொன்னாலும் தப்பாயிடுமோன்னு பயந்து எங்க வகுப்புல பசங்க பேசவே மாட்டாங்க. எனக்கு உண்மையாவே தெரிஞ்சுக்கணும்.

---

கெடிலக்கரை | வியாழன், இரவு 8.00

தம்பி, நல்லா கேட்ட. பசங்களும் அதே மாதிரி "அவன்"னு எழுதலாம். நான் கேட்கிறது ஒரு சம்பவம்தான், நீ நல்லவனா கெட்டவனாங்கிறதுக்குள்ள போகப் போறதில்ல. உன் வீட்டுல, உன் ஹாஸ்டல்ல, நீ இண்டர்ன்ஷிப் போன ஆபீஸ்ல ஒரு வேலை நடந்து முடிஞ்ச நாளை எடுத்துக்க. யார் யார் என்ன செஞ்சாங்கன்னு வினைச்சொல்லோட எழுது. உன் அப்பாவையும் எழுது. "முடிவு எடுத்தார்"னு நாம சொல்ற அந்த அப்பாக்கள் முந்தின ராத்திரி தூங்காம புரண்டதும், அம்மாகிட்ட ரகசியமா யோசனை கேட்டதும் கதையில வர்றதில்ல. அந்த "முடிவு எடுத்தார்"க்குள்ளயும் ஒரு "எப்படியோ" ஒளிஞ்சிருக்கு.

மேரி பார்க்கர் ஃபாலட்னு ஒரு அம்மா. 1868-ல பிறந்தவங்க, பாஸ்டன்ல ஏழைக் குடியிருப்புகள்ல சமூகக் கூடங்கள் நடத்தினவங்க. 1920-கள்ல தொழிலதிபர்களுக்கு நிர்வாகம் பத்திச் சொற்பொழிவு செஞ்சாங்க. அடுத்தவர் மேல செலுத்துற அதிகாரம் ஒண்ணு, அடுத்தவரோட சேர்ந்து உண்டாக்குற அதிகாரம் இன்னொண்ணுன்னு பிரிச்சுக் காட்டினாங்க. 1933-ல அவங்க போனப்புறம் ரொம்ப காலம் பாடத்துல ஒதுங்கியே கிடந்தாங்க. பசங்களுக்கு இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்லுவேன். ரெண்டாவது வகை அதிகாரம் ஆணுக்கும் கத்துக்க வேண்டியதுதான்.

சுதந்திரப் போராட்டத்துல நின்ன நம்ம முதுநகர் அஞ்சலை அம்மாளையே பாருங்க. 1890-ல பிறந்தவங்க. வெள்ளைக்கார அதிகாரி நீலோட சிலையை எடுக்கச் சொல்லி சென்னையில 1927-ல நடந்த நீலன் சிலைப் போராட்டத்துக்குத் தன் சின்னப் பொண்ணையும் கூட்டிட்டுப் போய்ச் சிறைக்குப் போனது, கர்ப்பிணியா வேலூர்ச் சிறையில இருந்தது, காந்தி கடலூர் வந்தப்ப பார்க்கக் கூடாதுன்னு தடை போட, பர்தா போட்டுக் குதிரை வண்டியில போய்ச் சந்திச்சது. இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். அத்தனையும் வீரம், தியாகம். அவங்க 1937-ல சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவங்க. தீர்த்தாம்பாளையத்துல குடிக்கத் தண்ணி இல்லாம சனங்க தவிச்சப்ப வீராணம் கால்வாயிலேருந்து கிளை வெட்ட வச்சாங்க, அதுக்கு அஞ்சலை வாய்க்கால்னே பேரு. ஒரு வாய்க்கால் வெட்ட யார் யார்கிட்ட பேசியிருப்பாங்க, எதை விட்டுக் கொடுத்திருப்பாங்க? அந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லல, நானும் இதுவரைக்கும் வகுப்புல கேட்கல. சிறைக்குப் போன பெண்ணைக் கும்பிடுறோம். வாய்க்கால் வெட்டின பெண்ணைப் படிக்கிறதில்ல.

மில்காரர் மகன் தோழரே, உங்க கேள்வி ரெண்டு நாளா என்னை விடல. கதைகளை அலச வகுப்புக்குன்னு நான் போட்டிருந்த படிவத்துல ஒரு கேள்வி சேர்த்திருக்கேன். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பக்கத்துல: "இந்த வேலைக்கு என்ன கூலி, யார் கொடுத்தார்?" அந்தக் கட்டம் காலியா இருந்தா காலியாவே விடணும், அன்பு, கடமைன்னு எழுதி நிரப்பக்கூடாது. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும்னு 2017-ல மகப்பேறுச் சட்டம் திருத்தினாங்க. கடையில நாள் பூரா நிக்கிறவங்களுக்கு உட்கார நாற்காலி வேணும்னு தமிழ்நாட்டுல 2021-ல சட்டம் வந்தது. கால் வலிக்குதுன்னு பெண்கள் வருஷக்கணக்காச் சொன்னதை யாரோ கதைன்னு தள்ளாம கேட்டதாலதான் அது சட்டமாச்சு. சேர்ந்து நிக்கணும்னு நீங்க சொல்றது சரி. எதுக்காக நிக்கிறோம்னு முதல்ல ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கே.

---

மில்காரர் மகன் | வியாழன், இரவு 10.30

அந்தக் காலிக் கட்டத்தை ஒத்துக்கிறேன். அதை அழிக்காம வச்சிருங்க டீச்சர். மார்க் போடுறவங்க அழிக்கச் சொல்லுவாங்க.

---

கெடிலக்கரை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

எல்லாருக்கும் ஒரு செய்தி சொல்லணும்.

அந்தப் பண்ருட்டிப் பொண்ணு "அவள்"னு வச்சு ரெண்டு பக்கம் எழுதினா. வெளியில யார்கிட்டயும் காட்டுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட படிச்சுக் காட்டச் சொன்னேன். நைட் ஷிப்ட் அம்மா சொன்னதை மனசுல வச்சுத்தான். இங்க முதல்ல எழுதினப்ப நானே யார்கிட்டயும் கேட்கல, அதுக்கும் அந்தம்மாகிட்ட சொல்லி அனுமதி வாங்கினேன்.

அம்மா கொட்டை உடைச்சுக்கிட்டே கேட்டாங்களாம். முடிஞ்சதும் சொன்ன முதல் வார்த்தை: "தப்பு."

சமமாப் பிரிக்கலையாம். ரெண்டு வீட்டுக்குக் கூடக் கொடுத்திருக்காங்க. ஒரு வீட்டுல புருஷன் செத்து நாலு மாசம். இன்னொரு வீட்டுல கூரையே இல்ல. அதுக்காக மத்தவங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொறைச்சாங்க. கைவேகக்காரி ஒருத்தி, சொந்த நாத்தனார், களத்துலயே நின்னு ஏசிட்டுப் போயிட்டாளாம். ரெண்டு வருஷம் பேசல. தீபாவளிக்குக்கூட வரல. "அத உங்க டீச்சர்கிட்ட சொன்னியா? எல்லாரும் சந்தோஷமா வாங்கிட்டுப் போன மாதிரி எழுதியிருக்க."

நான் முதல் பதிவுல 9 மூட்டையை 27-ஆல வகுத்து, ஆளுக்கு 26 கிலோன்னு பெருமையா எழுதினேன். அந்த வகுத்தலை அவங்க போடவே இல்ல.

வட்டிக்கு வாங்கின ஒரு விஷயத்தை மட்டும் எடுக்கச் சொல்லிட்டாங்க. எடுத்தாச்சு. நாத்தனார் விஷயம் இருக்கட்டும்னு சொன்னாங்க. திருத்தின பக்கம் ஒரு நகல் வேணும்னும் கேட்டிருக்காங்க, நாத்தனார்கிட்ட படிச்சுக் காட்டவாம்.

வகுப்புல அதைப் பேசினோம். 38 பேரும் அந்தப் பங்கீடு நியாயமான்னு ரெண்டா பிரிஞ்சு ஒரு மணி நேரம் வாதாடினாங்க. "எப்படியோ"ங்கிற சொல் ஒரு தடவைகூட வரல. நாத்தனார் பக்கம் பேசினவங்க பத்துப் பதினைஞ்சு பேர், அதுல நல்ல நல்ல வாதங்கள் இருந்துச்சு.

---

முதுநகர்க்காரி | ஞாயிறு, மாலை

அந்த நாத்தனாருக்கு மொதல்லயே விஷயத்தைச் சொல்லி, ஒக்கார வச்சுப் பேசியிருக்கணும். எங்க குழுவுலயும் இப்படி ஒருத்தி வெளிய போனா, அந்தக் கதை பெருசு. எங்க பழைய நோட்டு தகரப் பொட்டியில இருக்கு, உப்புக் காத்துல ஓரமெல்லாம் உதுருது. டீச்சர், உங்க வகுப்புக்குக் கொண்டாந்து காட்டவா? வியாழக்கிழமைன்னா எனக்கு யாவாரம் கம்மி.

---

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு

வாங்கக்கா. வியாழன் காலை 11 மணி வகுப்பு. நோட்டைத் துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க. வாசல்ல அந்தப் பொண்ணே வந்து உங்களைக் கூட்டிட்டுப் போகும். பேச வர்ற மத்த ஆட்களுக்குக் கல்லூரி என்ன பணம் கொடுக்குமோ அதையே உங்களுக்கும் எழுதி வாங்கியிருக்கேன், கையெழுத்து மட்டும் போடணும்.